இறக்கையிற் பனியும் ஓடையில் உயிரும்



குளிர்காலத்தில் ரொறன்ரோவிலிருந்தோ ஒஸ்லோவிலிருந்தோ விமானம் ஏறியவர்கள் நம்மிடையே பலர் உளர். உற்றாரைக் கண்டு திரும்பும் அவர்கள் ஆசனத்தில் அமர்ந்து, கதவும் அடைக்கப்பட்ட பின்னர், விமானம் ஓடுபாதைக்குச் செல்லாது ஓரிடத்தில் நின்றுவிடுவதைக் கண்டிருப்பர். நீண்ட கையுடைய வண்டிகள் இருபுறமும் வந்து, ஆவி பறக்கும் செம்மஞ்சள் நிற நீரை இறக்கைகளின்மேற் பீய்ச்சும். இறக்கையில் ஒட்டிய பனி கரைந்து தரையில் வழிந்தோடும். பின்னரே விமானம் புறப்படும். "இஃது எதற்காக?" என்று அருகில் இருந்தவரைக் கேட்டவர் பலர் இருக்கலாம். "வழிந்தோடிய அந்த நீர் எங்கே போகின்றது?" என்று கேட்டவர் மிகச் சிலரே. இன்றைய பேச்சு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. அதற்கு விடை காண்பதற்கு நாம் ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கும். எனினும் முதற் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம்.

பனிக்கட்டியின் கொடுமையை நம் நாட்டவர் அதிகம் அறியார். நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலையிற் புல்லின்மேல் வெண்மையாகப் படியும் உறைபனியே நாம் கண்டது. அதுபோன்ற மெல்லிய படலம் ஒன்று விமானத்தின் இறக்கையிற் படிந்தால் என்ன நேரும்? மணல் ஒட்டியது போன்ற ஒரு சொரசொரப்பு உண்டாகும், அவ்வளவே. ஆனால், விமானத்தை மேலே தூக்குவது இறக்கையைத் தழுவி ஓடும் காற்றேயாகும். இறக்கையின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும்வரையே காற்று அதனை ஒட்டி ஓடும். சொரசொரப்பு ஏற்பட்டதும் காற்று விலகிப்போகின்றது. தூக்கும் வலிமையும் அதனுடன் குன்றிவிடுகின்றது.

இந்த உண்மையை உலகம் பேரிழப்புக்களின் மூலமே நன்கு கற்றுக்கொண்டது. 1982ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், வாஷிங்டன் நகரிற் பனி பெய்துகொண்டிருந்த வேளையிற் புறப்பட்ட விமானம் ஒன்று, மேலே எழ மாட்டாது பாலமொன்றில் மோதிப் பொற்றோமாக் ஆற்றில் வீழ்ந்தது. விமானத்தில் இருந்தோரும் பாலத்தின்மேற் சென்றோருமாக 78 பேர் மாண்டனர். 1989ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள டிரைடன் என்னும் ஊரில், இறக்கையிற் பனியுடன் புறப்பட்ட விமானம் ஒன்று காட்டில் வீழ்ந்து 24 பேர் இறந்தனர். இதனை விசாரித்த நீதியரசர் மொஷான்ஸ்கி அவர்கள், ஒரு விமானியின் தவறென்று இதனை ஒதுக்கிவிடாது, விமானப் போக்குவரத்து ஒழுங்கு முழுவதையுமே ஆராய்ந்து நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார். 1992ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், நியூயோர்க் லாகார்டியா விமான நிலையத்தில் இன்னொரு விமானம் வீழ்ந்தது. அதன் இறக்கைகளிலிருந்து இருமுறை பனி நீக்கப்பட்டிருந்தது. எனினும், தன் முறைக்காக அது வரிசையிற் காத்துநின்ற அரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட வேளையில் மீண்டும் பனி படிந்துவிட்டது. 27 உயிர்கள் போயின.

இவற்றின் பின்னர் விதிகள் இறுகின. இறக்கையிற் பனி ஒட்டியிருக்க எந்த விமானமும் எழக்கூடாது என்பது கண்டிப்பான சட்டமாயிற்று. ஏற்கெனவே ஒட்டிய பனியைக் கரைக்கச் சூடான நீர்க்கலவை ஒன்றும், புதிய பனி ஒட்டாது சற்று நேரம் காப்பதற்குக் கூழ்போலத் தடித்த கலவை ஒன்றும் வழங்கலாயின. கடும்பனி நாளிற் பெரிய விமானம் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான லீற்றர் தேவைப்படலாம். மனித உயிரைக் காக்கும் செலவு ஆதலின், இதில் எவரும் சிக்கனம் பேசமாட்டார்.

இந்தக் கலவைகளின் உயிர்நாடியாக இருப்பது கிளைக்கோல் என்னும் பொருள். நீருடன் கலந்தால் அது நீர் உறையும் வெப்பநிலையை மிகவும் தாழ்த்திவிடும். அதில் இரு வகைகள் உண்டு. எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடையது. ஆயினும் மனிதருக்கும் விலங்குகளுக்கும் நஞ்சு. புறொப்பிலீன் கிளைக்கோலோ உணவுப் பண்டங்களிலும் மருந்துகளிலும் சேர்க்கப்படும் அளவுக்குத் தீங்கற்றது. இதனால், முன்னதை விட்டுப் பின்னதைப் பல விமான நிலையங்கள் மேற்கொண்டன. நஞ்சு நீங்கிவிட்டதென்றால் துன்பமும் நீங்கிவிட்டதன்றோ என்று நாம் எண்ணலாம். ஆனால், கதை இங்கேதான் திரும்புகின்றது.

தரையில் வழிந்த கலவை, கரைந்த பனிநீருடன் சேர்ந்து, மழைநீர் வாய்க்கால்களின் வழியே அருகிலுள்ள ஓடையைச் சென்றடைந்தது. ஓடைநீரிற் பற்றீரியா என்று விஞ்ஞானிகள் கூறும் நுண்ணுயிர்கள் எண்ணிலடங்காது வாழ்கின்றன. கிளைக்கோல் அவற்றுக்கு நஞ்சன்று, நல்ல விருந்து. அவை அதனை உண்டு பெருகுகின்றன. உண்பதற்கு அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும். நீரிற் கரைந்திருக்கும் ஒட்சிசனோ மிகச் சொற்பம். உறைநிலையை அண்டிய குளிர்நீரில், ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 14.6 மில்லிகிராமுக்கு மேல் அது காற்றிலிருந்து கரையாது. ஒரு கிராம் புறொப்பிலீன் கிளைக்கோலை முற்றாக எரித்து முடிக்கவோ 1.68 கிராம் ஒட்சிசன் தேவை. நேயர்கள் இதனை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு லீற்றர் கிளைக்கோல், ஏறத்தாழ 1,20,000 லீற்றர் குளிர்நீரில் உள்ள ஒட்சிசன் முழுவதையும் விழுங்கவல்லது! எதிலீன் கிளைக்கோலுக்கு வேண்டிய ஒட்சிசன் கிராமுக்கு 1.29 கிராமே. ஆகவே, நஞ்சு குறைந்த பொருள் ஓடையின் மூச்சை இன்னும் கூடுதலாகவே இறுக்குகின்றது. ஓடையின் மேற்பரப்புப் பனிக்கட்டியால் மூடப்பட்டிருப்பின் புதிய காற்றும் உட்புகாது. மீன்கள் நஞ்சுண்டு சாவதில்லை, மூச்சடைத்துச் சாகின்றன. ஒட்சிசன் தீர்ந்தபின் நீர் நாற்றமெடுக்கின்றது.

எனவே, ஓடையைக் கொல்பவை எவை? கிளைக்கோலை உண்ணும் அந்தப் பற்றீரியாக்களே. அவற்றை என் செய்வது? நஞ்சிட்டு அழிப்பதா? இதே கேள்வி முன்னொரு காலத்தில் வேறொரு கழிவைக் குறித்து எழுந்தது. அன்று கிடைத்த விடையே இன்று விமான நிலையங்களுக்கும் பயன்படுகின்றது.

1858ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரின் தேம்சு நதி, நகரத்துக் கழிவெல்லாம் சேர்ந்து தாங்கொணா நாற்றம் வீசிற்று. நதிக்கரையிலுள்ள பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள் என்று வரலாறு கூறுகின்றது. பின்னர்ப் பெரும் நிலக்கீழ்க் கால்வாய்கள் கட்டப்பட்டன. கழிவு நகருக்குக் கிழக்கே கொண்டுபோய் விடப்பட்டது. அங்ஙனம் செய்ததனால் நாற்றம் இடம்பெயர்ந்ததேயன்றி ஒழியவில்லை.

கழிவுநீரை மண்ணினூடு மெல்ல வடியவிட்டால் அது தெளிந்து வெளிவரும் என்பதை வேதியியலறிஞர் பிராங்க்லண்ட் 1870ஆம் ஆண்டளவில் பரிசோதனைகளாற் காட்டினார். ஆனால், மண் இதனை எவ்வாறு செய்கின்றது? காற்றும் கழிவும் மண்துகளின்மேற் சந்திப்பதால் நிகழும் இரசாயன மாற்றமே அது என்று பெரும்பாலோர் கருதினர். உயிருள்ள ஒன்று அங்கே வேலை செய்வதாக எவர் எண்ணுவர்?

1877ஆம் ஆண்டில் சிலோசிங், மியுன்ற்சு என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் எளியதொரு பரிசோதனையைச் செய்தனர். கண்ணாடிக் குழாய் ஒன்றில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, அதனூடு கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினர். முதல் இருபது நாட்கள் எவ்வித மாற்றமும் இல்லை. பின்னர், கழிவிலிருந்த அமோனியா நைத்திரேற்றாக மாறி வரத் தொடங்கிற்று. வெறும் இரசாயன மாற்றமாயின், முதல் நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டுமன்றோ? ஏன் இருபது நாட்கள் காத்திருந்தது? அறிஞர் இருவரும் குழாயினுட் குளோரோபோம் ஆவியைச் செலுத்தினர். மாற்றம் அடியோடு நின்றுவிட்டது. ஆவியை அகற்றித் தோட்டத்து மண்ணில் ஒரு சிறிதளவைச் சேர்த்தனர். மாற்றம் மீண்டும் தொடங்கிற்று. மயக்க மருந்துக்கு அடங்குவது உயிருள்ள பொருளே. மண்ணிலே கழிவைத் தூய்மையாக்குவது நுண்ணுயிர் என்பது இவ்வாறு துலங்கிற்று. அமோனியாவை மாற்றும் அந்தப் பற்றீரியாக்களை 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் தனியே பிரித்தெடுத்தார்.

இதன்பின் அறிஞர்களின் நோக்கே மாறிற்று. 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்சு மாநிலத்து லோரன்சு என்ற ஊரில், மெரிமாக் ஆற்றங்கரையில், பரிசோதனை நிலையம் ஒன்று அமைந்தது. மணற் பாத்திகளிற் கழிவுநீரை இடைவிடாது ஊற்றினால் அவை அடைத்துப்போகும். விட்டுவிட்டு ஊற்றி இடையிற் காற்றுப் புக இடங்கொடுத்தால் அவை ஆண்டுக்கணக்காக உழைக்கும் என்று அங்கே கண்டறிந்தனர். இலண்டனிலே, கழிவு சென்று சேர்ந்த பார்க்கிங் என்னும் இடத்தில், இரசாயனர் டிப்டின் 1890களில் இதே வழியைப் பின்பற்றினார். கழிவின் கிருமிகளைக் கொல்லாது, அவற்றைத் தக்க இடத்தில் வேலைக்கு அமர்த்துவதே முறை என்பது அவருடைய கொள்கை. கிருமி என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் நடுங்கிய காலம் அது. நோய் விளைப்பவை கிருமிகளே என்று பாஸ்ரரும் கொக்கும் அப்போதுதான் உலகுக்கு நிறுவியிருந்தனர். அக்காலத்திற் கிருமியை ஊழியனாக்கலாம் என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

1912ஆம் ஆண்டிற் பிரித்தானிய அரச ஆணைக்குழு ஒன்று, ஆற்றில் விடப்படும் நீருக்கு அளவுகோல் ஒன்றை வகுத்தது. நீரில் எவ்வளவு அழுக்கு உண்டு என்று கேளாது, அந்த அழுக்கை உண்ணும் நுண்ணுயிர்கள் ஐந்து நாட்களில் எவ்வளவு ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன என்று அளப்பதே அந்த முறை. இன்று விமான நிலையத்து நீரை அளப்பதும் இதே கோலினாலேயாம்.

அடுத்த பெரும் படி மான்செஸ்டர் நகரில் வைக்கப்பட்டது. பேராசிரியர் பௌலர் 1912இல் அமெரிக்கா சென்று லோரன்சு நிலையத்துப் பரிசோதனைகளைக் கண்டு வந்தார். அவர் தூண்டுதலால் ஆர்டேன், லொக்கெற் என்ற இருவர் போத்தல்களிற் கழிவுநீரை நிரப்பி அதனூடு காற்றை ஊதினர். முதன்முறை நீர் தெளிய ஏறத்தாழ ஐந்து வாரங்கள் சென்றன. தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, அடியிற் படிந்த சேற்றைக் கொட்டிவிடாது வைத்துக்கொண்டு, புதிய கழிவுநீரைச் சேர்த்து மீண்டும் காற்றூதினர். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்ய, ஐந்து வாரத்து வேலை ஒரு நாளுக்குள் முடியலாயிற்று. பிறர் குப்பையென்று எறிந்த சேற்றிலே, பழக்கப்பட்ட பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் இருந்தன. 1914ஆம் ஆண்டு ஏப்ரலில் இக்கண்டுபிடிப்பை வெளியிட்டபோது அதற்கு "ஏவப்பட்ட சேறு" என்று பெயரிட்டனர். உலகின் பெருநகரங்கள் பலவற்றின் கழிவுநீர் இன்றும் இம்முறையாலேயே தூய்மை பெறுகின்றது. பௌலர் அவர்கள் பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பேராசிரியராகிப் பணியாற்றினார் என்பதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்த வரலாற்றின் சாரம் யாது? ஆற்றைக் கொல்லும் நுண்ணுயிரும் ஆற்றைக் காக்கும் நுண்ணுயிரும் வேறு வேறல்ல. உணவும் காற்றும் அளவறிந்து கிடைக்குமிடத்தில் அது துப்புரவாளன். உணவு மிகுந்து காற்றுக் குறைந்த ஓடையில் அதுவே கொலையாளி. செய்யவேண்டியது, அது ஆற்றிற் செய்யும் வேலையை ஆற்றை அடையுமுன்பே செய்விப்பதாகும்.

விமான நிலையங்கள் இந்த வழிக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே. மிகச் செறிந்த கலவையை ஒரே மேடையிற் சேகரித்து, வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துதல் இயலும். துன்பம் தருவது, மழையும் பனியும் கலந்து நீர்த்துப்போன பெருவெள்ளமே. அதனிலிருந்து கிளைக்கோலைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. நுண்ணுயிருக்கோ அது ஏற்ற உணவு. ஆனால், இடர்கள் உண்டு. வேலை மிகும் குளிர்காலத்தில் நுண்ணுயிர்கள் மந்தமாகின்றன. கோடையிலோ அவற்றுக்கு உணவே இல்லை. கிளைக்கோலில் நைதரசனோ பொசுபரசோ இல்லாமையால், அவற்றையும் ஊட்டவேண்டும். அன்றியும், விமான நிலையத்தருகே திறந்த குளம் வெட்டினாற் பறவைகள் கூடும். அவை விமானத்தில் மோதினாற் பேராபத்து.

இவ்விடர்களை ஒவ்வொரு நிலையமும் தன் தன் வழியிற் கடந்தது. நியூயோர்க் மாநிலத்து அல்பனி விமான நிலையம், 1990களின் இறுதியிற் காற்றே வேண்டாத பற்றீரியாக்களைப் பணிக்கு அமர்த்தியது. மூடிய உயர்ந்த கலங்களிற் கரித்துகள்கள் நீரோட்டத்தில் மிதந்து சுழல, அத்துகள்களின்மேல் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் கிளைக்கோலை மெதேன் வாயுவாக மாற்றுகின்றன. அந்த வாயுவை எரித்துக் கலங்களைச் சூடாக வைத்திருக்கின்றனர். குளிரை வெல்லும் எரிபொருளைக் கழிவே தருகின்றது!

இலண்டன் ஹீத்ரோ விமான நிலையம் நாணற் பாத்திகளை நாடியது. மேஃபீல்ட் பண்ணை என்னுமிடத்திற் பரற்கற்களிடையே நாணல் நட்டு, அவற்றின் வேர்களினூடு விமான நிலையத்து நீரைச் செலுத்தினர். காண்பார் கண்ணுக்கு நாணலே தொழிலாளி; உண்மையில் வேரிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரே தொழிலாளி. நாணல் வேர் தரும் காற்றுப் போதாதென்று கண்டு, பின்னாளிற் குழாய்களின் வழியே காற்றூதும் ஏற்பாடும் செய்தனர். மான்செஸ்டர் போத்தல்களிற் கற்ற பாடம் ஒரு நூற்றாண்டின் பின் மீண்டும் பயன்பட்டது.

நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ விமான நிலையம், 2009ஆம் ஆண்டிற் பரற்கற் பாத்திகளை நிலத்துக்கடியில் அமைத்து, அடியிலிருந்து காற்றூதச் செய்தது. நீர் வெளியே தெரியாது. ஆதலாற் பறவைகளும் வாரா. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,500 கிலோகிராம் ஒட்சிசனைக் கோரும் கழிவை ஏற்கும் வண்ணம் அது வகுக்கப்பட்டது.

நோர்வேயின் கார்டமூன் விமான நிலையம் 1998இல் திறக்கப்பட்டது. அது மணற்பாங்கான நிலத்தில், அந்நாட்டின் மிகப் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கங்களுள் ஒன்றன்மேல் அமைந்தது. விமானங்களிலிருந்து ஓடுபாதையோரத்திற் சிந்தும் கலவையை அங்கே மண்ணின் பற்றீரியாக்களே அழிக்கின்றன. ஆனால், மண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. இளவேனிலிற் பனி உருகும்போது கிளைக்கோல் ஒருங்கே உட்புகுந்தால், மண்ணிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடும். அப்போது பற்றீரியாக்கள் மண்ணிலுள்ள மங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஒட்சைட்டுகளைப் பற்றிக்கொள்ள, அவ்வுலோகங்கள் கரைந்து நிலத்தடி நீரிற் சேரக்கூடும். ஆகவே அங்கு மண்ணின் நிலையை ஓயாது அளந்து கவனித்து வருகின்றனர்.

நுண்ணுயிர் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நாம் மயங்கலாகாது. பனிநீக்கும் கலவையில் உலோகம் அரிபடாது காக்கவெனச் சேர்க்கப்பட்டு வந்த திரையசோல் வகைப் பொருள்கள் நுண்ணுயிருக்கு எளிதில் மசிவதில்லை. நீர்வாழ் உயிர்களுக்கும் அவை தீங்கானவை. இத்தகைய பொருளைச் சேர்க்காது விடுதலே வழி. ஓடுபாதைகளிற் பனியகற்றத் தூவப்பட்ட யூரியா, நீரில் அமோனியாவாக மாறி மீனுக்கு நஞ்சாயிற்று. 2012ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு வகுத்த விதிகள், யூரியாவைப் பெரிதும் விலக்கின. குளிர் வலயங்களிற் புதிதாக அமையும் பெரிய விமான நிலையங்கள், பனிநீக்கிய பின் சேகரிக்கக் கிடைக்கும் பனிநீக்கியில் 60 சதவீதத்தைச் சேகரிக்க வேண்டுமென்றும் பணித்தன. விஞ்ஞானம் வழியைக் காட்டும். அவ்வழியில் நடக்கச் செய்வது சட்டமும் பொறுப்புணர்வுமே.

நேயர்களே, இறக்கையில் ஒட்டிய மெல்லிய பனிக்காக 78 உயிர்களும் 24 உயிர்களும் 27 உயிர்களும் பலியாயின. அத்தகைய சாவைத் தடுக்க நாம் பீய்ச்சிய நீர், ஓடையில் வாழும் ஊமை உயிர்களின் மூச்சை அடைத்தது. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கொடுத்தே தீரவேண்டும் என்று உலகம் அமைந்துவிடவில்லை. இரண்டையும் காக்கும் வழி, 1877இல் ஒரு கண்ணாடிக் குழாயினுள் இருபது நாட்கள் ஓசையின்றி வளர்ந்துகொண்டிருந்தது. இனி ஒருநாள் அந்தச் செம்மஞ்சள் நீர் சாளரத்தின் வெளியே வழியக் காணும்போது, அது எங்கே போகின்றது என்றும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊழியர்கள் அதற்காக எங்கோ காத்திருத்தல் வேண்டும். அவர்களுக்கு வேண்டிய இருப்பிடத்தையும் காற்றையும் கொடுப்பது நம்முடைய கடமை.